காரங்காட்டில் ஒரு கணக்கு நோட்டு

"காரங்காட்டுக்குப் போய் வரலாமா?" என்று என்னவர் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். சிரிக்காதீர்கள்! கடலைப் பார்த்துப் பயமில்லை, நண்டு வறுவலைப் பார்த்துத்தான்!

காரணம் இருக்கிறது. இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் போய்விட்டது. அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகவே வந்துவிடும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா அன்றே சொன்னார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னவனுக்கு மூன்று வயதானபோது சோதித்துப் பார்த்தால், சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது! அம்மா தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வயிற்றைக் கலக்கிவிட்டது.

"பட்டினி கிடக்க வேண்டாம். சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், அது போதும்" என்றார் டாக்டரம்மா. எழுதினேன். ஒரு மாதமாகியும் எடை இம்மியும் அசையவில்லை. அந்த நோட்டும் என்னோடு காரங்காட்டுக்குக் கிளம்பியது.

மதுரையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். ராமநாதபுரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே தொண்டிப் பக்கம் திரும்பினோம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தரிசித்தோம். பிறகு உப்பூரைத் தாண்டிக் காரங்காடு. பாக் நீரிணைக் கரையில் சின்ன மீனவக் கிராமம். ஊரை ஒட்டியே அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகில் அழைத்துப் போகிறார்கள்.

படகு ஏறியதும் வாயாடிப் பெரியவள்கூட வாயடைத்துப் போனாள். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் வேர்கள். "மூச்சு வேரும்மா. சேத்துக்குள்ள காத்து இல்ல, அதான் வெளிய வந்து மூச்சு விடுது" என்றார் படகுக்காரர். அலையாத்தி மரம் உப்புத் தண்ணீரில் நின்றாலும் பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். மீறி உள்ளே போனதை இலை வழியாக வெளியேற்றிவிடும். 'சுற்றிலும் உப்பு, ஆனாலும் அளவாக எடுத்துக்கொள்கிறதே' என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

கரைக்குத் திரும்பினால் நண்டு வந்து இறங்கியிருந்தது. ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தராசில் போட்டுப் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கால் ஒடிந்த நண்டுகளைத் தனியே ஒதுக்கி அதையும் நிறுத்து எழுதினாள்.

"இதை விற்க முடியாதே, எதுக்கு எழுதறே?" என்று கேட்டேன்.

"ஒடிஞ்சதையும் எழுதணும்க்கா. நல்லதை மட்டும் எழுதினா கணக்கு எப்படி ஒத்து வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் 'இட்லி 3' என்று மட்டும் இருந்தது. வழியில் சின்னவன் மீதி வைத்த ஒன்றரை இட்லி? காரில் கொறித்த முறுக்கு? தேவிபட்டினத்தில் குடித்த காபி? எதுவுமே இல்லை! வீட்டிலும் இதே கதைதான். உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் எழுதியிருக்கிறேன். நின்றுகொண்டு சாப்பிட்டதை எழுதவே இல்லை. 'வீணாகப் போகிறதே' என்று குழந்தைகள் தட்டை வழித்தது, உப்புப் பார்த்தது, ஊறுகாய்க்காக இன்னொரு பிடி போட்டுக்கொண்டது... என் ஒடிந்த நண்டுகள்!

மத்தியானச் சாப்பாடு அங்கேயே. முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, வறுத்த மீன். பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. நண்டிலும் இறாலிலும் புரதம் நிறைய, கொழுப்பு குறைவு. எடையை ஏற்றுவது வறுக்கிற எண்ணெயும், குழம்பு ருசியில் கேட்டு வாங்கும் இரண்டாவது சோறும்தான். குழம்பும் தொக்கும் எடுத்துக்கொண்டேன், வறுவலில் ஒரே துண்டு. சோறு ஒரு கிண்ணம். நண்டை உடைத்து, உறிஞ்சி, நிதானமாகச் சாப்பிட்டதில் அந்த ஒரு கிண்ணத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது.

வீடு திரும்பியதும் ஒன்றுவிடாமல் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 5 கிராம் என்றால் 30 கிராம்! ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. தட்டில் பாதி காய், கீரை, பழம் இருக்கட்டும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. நம் வீட்டுத் தட்டில் பாதிக்கு மேல் சோறு! ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி, 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. உலையில் போடும் அரிசியை ஆழாக்கால் அளக்கிற நாம், தட்டில் போடும் சோற்றை அளப்பதே இல்லை.

எழுதினால் மட்டும் இளைக்குமா என்று கேட்கலாம். 2008-ல் அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தினமும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைந்தார்கள். எழுத வேண்டுமே என்ற நினைப்பே கையைத் தடுத்துவிடுகிறது!

நீங்களும் செய்து பாருங்களேன்:

* சாப்பிட்ட உடனே எழுதுங்கள். ராத்திரி யோசித்தால் பாதி மறந்துவிடும்.

* சோற்றுக்கென்று ஒரே கிண்ணம். முதலில் காய், பிறகு சோறு.

* குழந்தைக்குக் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுங்கள். மிச்சமே வராது.

* வாரம் அரைக் கிலோ குறைந்தாலே போதும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது பெண்களுக்கு நல்லது.

* பால் கொடுக்கும் தாய்மார்கள் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் நாளைக்கு 600 கலோரி கூடுதலாகவே வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நான்கு மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். சர்க்கரையும் எல்லைக்கோட்டிலிருந்து கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி உள்ளே போனது உண்மைதான். அதையும் எழுதிவிட்டேன்.

அடுத்த லீவுக்கு மறுபடி காரங்காடு போகலாம் என்கிறாள் பெரியவள். எனக்கும் சம்மதம். அந்தப் பெண்ணைப் பார்த்து என் நோட்டைக் காட்ட வேண்டும்.