ஆரணித் தறிக்கட்டையில் ஒரு பேனா!

ஆரணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் புடவைக் கடையோடு திரும்பிவிடுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பட்டாயிற்றே, தப்பு சொல்ல முடியாது. ஆனால் கைத்தறி ஓடும் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றால், முதலில் காதில் விழுவது மரம். நாடா, மிதிகட்டை, நெய்த சேலையைச் சுற்றும் படமரம் எல்லாமே கட்டைகள்தான். நாடாவில் ஒரு சிராய் இருந்தாலும் பட்டு இழை மாட்டி அறுந்துவிடும். அதனால் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும்.

தறியைப் பிரித்துவிட்டால் அந்தக் கட்டைகளுக்குப் பரண், இல்லாவிட்டால் அடுப்பு. மரம் கடையப் பழகுகிறவர்களுக்கோ அது புதையல். ஒரு பேனாவுக்கு ஒரு சாண் கட்டையே அதிகம். வருடக்கணக்கில் காய்ந்த மரம் என்பதால் பிறகு வெடிக்கும் பயமும் குறைவு. ஓடுகிற தறியின் உதிரியை மட்டும் கேட்காதீர்கள். அது நெசவாளரின் பிழைப்பு. பழைய கட்டை என்றாலும் காசு கொடுத்தே வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஆணி தேடுவது. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி உளியின் முனையைப் பறித்துவிடும். பிறகு கட்டையை இரண்டாக அறுத்து, நடுவில் நீளவாக்கில் துளை. சாதாரண மெல்லிய பேனாவுக்கு 7 மில்லிமீட்டர். புதியவர்கள் தோற்பது இங்கேதான். ஒரே மூச்சில் துளைத்தால் சூடேறிக் கட்டை பிளந்துவிடும். அடிக்கடி துரப்பணத்தை வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும்.

துளையில் பித்தளைக் குழாயைப் பசை தடவி ஒட்டி, காய்ந்ததும் கம்பியில் கோத்து, கடைசல் இயந்திரத்தில் மாட்டுவார்கள். ரொம்ப இறுக்கினால் கம்பி வளைந்து பேனா முட்டை வடிவமாகிவிடும். கண்ணாடி அணிந்து, உளியை மெதுவாக வைத்தால் போதும், சீவல் சுருள் சுருளாக விழும். தேக்கு என்றால் உளி சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். கடைசியில் முரடிலிருந்து நைஸ் வரை உப்புத்தாள், அப்புறம் மெழுகு.

தேர்ந்த கைகளைப் பார்க்க ஆசையா? திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட்டைக் கையால் கடைந்து மைப் பேனா செய்கிறார்கள்.

இன்னொன்று: மெல்லிய பேனா கிட் பலவற்றுக்குக் கிராஸ் வகை ரீஃபில்தான் பொருந்தும். தெருமுனைக் கடையில் அது கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.