பின்பலகை ஓட்டைகள்

தூத்துக்குடியில் எக்கோ சவுண்டர் மாட்டித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிரில், என் ஃபைபர் படகில் நானே மாட்டினேன்.

எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புத் துண்டு. அது கீழே அனுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் திரையில் ஆழம் தெரிகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழமென்றால் போய்வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். நடுவில் காற்றுக்குமிழி வந்தால் போச்சு. அதனால்தான் புரொப்பல்லரை விட்டு நன்றாகத் தள்ளி மாட்ட வேண்டும். வலச்சுற்று புரொப்பல்லர் என்றால் வலப்பக்கம் நல்லது. அங்கே இதழ் கீழ்நோக்கி இறங்குவதால் குமிழி குறைவு. இதெல்லாம் பெட்டிக்குள் இருந்த தாளில் படத்தோடு போட்டிருந்தது. நான் பிரிக்கவில்லை. வயர் எட்டிய இடம் பின்பலகையின் இடப்பக்கம், மோட்டாருக்கு ஒட்டினாற்போல. அங்கேயே துளை போட்டு முடுக்கிவிட்டேன், சீலன்ட் தடவாமல்.

மெதுவாகப் போனால் ஒழுங்காகக் காட்டியது. வேகம் கூட்டினால் எண் தாறுமாறாகக் குதித்தது. நேரே கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் கடைக்காரரைப் போலிச் சரக்கு விற்பவர் என்று கத்தினேன். பாவம், வேறு ஒன்று கொடுத்தார். அதுவும் அப்படியே குதித்தது. பிறகுதான் அந்தத் தாளைப் பிரித்தேன். பழுதில்லாத முதல் கருவியை அவர் என்ன செய்தாரோ, நான் போய்க் கேட்கவில்லை.

வலப்பக்கம் மாற்ற ஸ்குரூவைக் கழற்றினேன். மரைகளுக்கிடையே பழுப்பாக ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்பலகையில் ஃபைபருக்கு நடுவே இருப்பது பிளைவுட். தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மோட்டாரின் மொத்தப் பாரமும் அதன் மேல்தான். நனைந்த மரத்தைக் குடைந்தெடுத்து, காயவைத்து, எபாக்ஸி ஊற்றியிருக்க வேண்டும். நான் புட்டி அப்பி நீலப் பெயின்ட் அடித்தேன்.

படகை விற்கும்போது வாங்க வந்தவர், "பின்பலகை எப்படிண்ணே?" என்றார்.

"தட்டிப் பாத்துக்கோ தம்பி" என்றேன்.

உளுத்த இடம் தட்டினால் மொத்தென்று கேட்கும். அது அவருக்கும் தெரியும். வலப்பக்கம் தட்டினார், சத்தம் கணீரென்றிருந்தது. இடப்பக்கம் பழைய வலையைக் குவித்து வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.