மழைக்கு எத்தனை சதவீதம் வைக்கலாம்?

கிராஃபிங் கால்குலேட்டர்னு ஒரு ஜந்து இருக்கு. நம்மள்ல பாதி பேர் அதைக் கண்ணால பார்த்திருக்க மாட்டோம். பிளஸ் டூவுல லாக் டேபிள், இன்ஜினியரிங்ல புரோகிராம் எழுத முடியாத கேசியோ... அவ்வளவுதான் நம்ம கதை. ஆனா அமெரிக்காவுல ஹைஸ்கூல் பசங்க நிறைய பேர் பையில இது ஒண்ணு கிடக்கும். ஒரு சமன்பாட்டை அடிச்சா வளைவு வரைஞ்சு காட்டும். புரோகிராமும் எழுதலாம். புரோகிராம் எழுதலாம்னு சொன்னா பசங்க கணக்கா போடுவாங்க? கேம்தான் எழுதுவாங்க :-)

இதுக்கு நல்ல பெரிய சரித்திரமே இருக்கு. 1985-ல கேசியோ விட்ட எஃப்எக்ஸ்-7000ஜி தான் முதல் கிராஃபிங் கால்குலேட்டர். புரோகிராம் எழுத அதுல இருந்த இடம் வெறும் 422 பைட். யூனிகோட் தமிழ்ல மேல இருக்கிற பத்தி கூட அதுக்குள்ள அடங்காது. 1990-ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (சுருக்கமா டிஐ) களத்துல இறங்கினாங்க. தொண்ணூறுகளோட நடுவுல, டிஐ-85ல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு அசெம்பிளி மொழியில கேம் ஓட்ட ஆரம்பிச்சாங்க. கம்பெனி அப்படி ஒரு வழியே வெச்சிருக்கலை. அப்புறம் வந்த மாடல்கள்ல கம்பெனியே அதுக்கு கட்டளை கொடுத்துச்சு. பேட்ரிக் டேவிட்சன் எழுதின 'ஃபீனிக்ஸ்'னு ஒரு விண்கலச் சண்டை கேம், இந்த வட்டாரத்துல சூப்பர் ஹிட்.

என்கிட்ட இருக்கிறது 1999 மாடல் டிஐ-83 பிளஸ். அத்தை பொண்ணு அமெரிக்காவுல படிப்பை முடிச்சுட்டு வந்தப்போ, இனிமே இது எனக்கெதுக்குன்னு தந்துட்டுப் போனா. 6 மெகாஹெர்ட்ஸ் இசட்-80 பிராசசர். நம்ம உபயோகத்துக்கு 24 கேபி. திரையில 96-க்கு 64 புள்ளிகள். எழுத்துன்னா 8 வரி, வரிக்கு 16 எழுத்து. எண்களைப் போட்டு வைக்க ஏ-லேர்ந்து இசட் வரை 26 பெட்டி, கூட தீட்டா ஒண்ணு, மொத்தம் 27. குறுகலான வீடு. ஆனா குடித்தனம் பண்ணலாம்.

பாம்பு, டெட்ரிஸ் எல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நமக்கு மரக்காணம். ஈசிஆர் ரோட்டுல ஏறினா ரெண்டு பக்கமும் பாத்தி, உப்புக் குவியல். அதையே கேமா எழுதினேன். பேரு 'உப்பளம்'. (கால்குலேட்டருக்குத் தமிழ் தெரியாது, அதனால உள்ள இங்கிலீஷ் எழுத்துலதான்.)

உப்பு எடுக்கிறது பார்க்க சும்மா தண்ணி காயவைக்கிற வேலை மாதிரி தெரியும். அப்படி இல்லீங்க. கடல் தண்ணி போமே அளவுல சுமார் மூணரை டிகிரி. வெயிலும் காத்தும் அதை சுண்ட வைக்கணும். 25 டிகிரிக்கு வந்தாத்தான் உப்பு பூக்கும். அதுக்குள்ள பத்துல ஒம்பது பங்கு தண்ணி ஆவியாயிடும். நடுவுல ஜிப்சம் தனியா படியும், அதனாலதான் தண்ணியை பாத்தி மாத்தி பாத்தி விட்டு நகர்த்துறாங்க. 29, 30 டிகிரி தாண்டினா மெக்னீசியம் உப்பும் சேர்ந்து கசந்துடும், அந்தத் தண்ணியை வெளியே விட்டுடணும். ஆக, 25-லேர்ந்து 29 வரைக்கும் உள்ள அந்த சின்ன இடைவெளியிலதான் பொழைப்பே.

கேம்ல ஒரு ஆட்டம்னா ஒரு நாள். தண்ணி விடலாம், காத்திருக்கலாம், வாரலாம். மூணே பொத்தான். இந்த கால்குலேட்டர்ல மேல் அம்புக்குறியோட எண் 25. தற்செயல்தான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

எங்க சித்தப்பா பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு போடறவர். ஐப்பசி மழையில பாத்தியெல்லாம் முங்கிக் கிடக்க, வீட்ல சும்மா இருந்தார். கையில கொடுத்தேன். மழையைக் கடைசியா சேர்க்கலாம்னு வெச்சிருந்த நேரம் அது.

"ஏண்டா, இதுல மழையே பெய்யலையே?"

"இனிமேத்தான் சித்தப்பா. எத்தனை நாளைக்கு ஒண்ணு வைக்கட்டும்?"

"இருவதுக்கு ஒண்ணு வையி. சீசன்ல வர்ற மழைதான் ஆளைக் கவுக்கும்."

நாளுக்கு 5 சதவீதம்னு வெச்சேன். மழை வந்தா அதுவரை படிஞ்ச உப்பு போச்சு. ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு உப்பு சேரும், ஒரு தடவை வாரறதுக்கு ரெண்டு பங்கு செலவு, கூலி கொடுக்கணும்ல.

நான் ஆடினா 10 நாள் காத்திருந்து வாருவேன். சித்தப்பா அஞ்சாம் நாளே வாரிடுவார். நான் கணக்கு போட்டுக் காட்டினேன். 10 நாள் மழை இல்லாம தப்பிக்க 60 சதவீதம் வாய்ப்பு, 5 நாளுக்கு 77 சதவீதம். செலவைக் கழிச்சு சராசரி பார்த்தா 10 நாள்தான் லாபம்.

"பொம்மை உப்புதானே சித்தப்பா, தைரியமா இருங்களேன்."

"பொம்மையோ நெசமோ... வாரினாத்தாண்டா உப்பு."

அப்புறம் ஒண்ணு சொன்னார். "உன் மெஷினுக்கு என்னடா, ரெண்டு தடவை மழை அடிச்சாலும் மூணாவது தடவை தண்ணி விடும். நான் எவன்கிட்ட போய் முன்பணம் கேக்கறது?"

அதையும் போட்டுப் பார்த்தேன். தொடர்ந்து ரெண்டு தடவை மழையில போக வாய்ப்பு, அவர் ஆட்டத்துல நூத்துக்கு 5. என் ஆட்டத்துல நூத்துக்கு 16. சராசரி என்பது ஆயிரம் தடவை ஆடக் கூடியவனோட கணக்கு. ரெண்டே தடவை தோத்தா பாத்தியை விட்டே போகணும்ங்கிறவனுக்கு அது உதவாது. என் கணக்கும் சரி, அவர் கணக்கும் சரி. ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில். மீதி இருந்த பெட்டிகள்ல ஒண்ணை எடுத்து 'கைமுதல்'னு வெச்சேன். அது காலியானா ஆட்டம் முடிஞ்சது. அன்னிக்கு ராத்திரிதான் அது கேம் மாதிரி ஆச்சு.

இன்னொரு வேடிக்கை. இந்த கால்குலேட்டரோட மெமரியை அழிச்சுட்டு ஆரம்பிச்சா, அது தர்ற முதல் 'தற்செயல்' எண் எப்பவும் 0.9435974025 தான். அடுத்ததும் அதே வரிசை. அதாவது மழையும் அதே நாட்கள்ல பெய்யும்! சித்தப்பாகிட்ட சொன்னதும், "நெசத்துல இந்த பொத்தான் எங்கடா இருக்கு?"ன்னார். 2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் மரக்காணத்துக்கிட்டதான் கரையேறிச்சு. அதை எந்த எண்ணுல வைக்கிறது, சொல்லுங்க.

கால்குலேட்டர்லயும் பெரிய இடத்து மழை உண்டு. 2009-ல பெஞ்சமின் மூடின்னு ஒருத்தர், டிஐ-83 பிளஸ்ஸோட 512 பிட் கையெழுத்துச் சாவியை ரெண்டு மாசத்துக்கு மேல கம்ப்யூட்டரை ஓடவிட்டே உடைச்சார். அது தெரிஞ்சா, கால்குலேட்டர்ல சொந்தமா எழுதின ஆபரேட்டிங் சிஸ்டத்தையே போடலாம். அதைப் பத்தி எழுதினவங்களுக்கு கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டது. எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்காரங்க மூணு பிளாகர்களுக்காக வந்து நின்னாங்க. 2020-ல டிஐ, பரிட்சைல காப்பி அடிக்கிறதைத் தடுக்கன்னு சொல்லி, புது கலர் மாடல்கள்ல அசெம்பிளி, சி புரோகிராம் எதுவும் ஓடாதபடி அப்டேட் விட்டாங்க. ஆர்வலர்கள் கொஞ்ச நாள்லயே வேற ஓட்டை கண்டுபிடிச்சது தனிக்கதை.

பரிட்சை நியாயமா நடக்கணும், ஒத்துக்கறேன். ஆனா சித்தப்பாவுக்கு பாத்தி குத்தகை. அதுல என்ன செய்யலாம்னு நிலத்துக்காரங்க சொன்னா அர்த்தம் இருக்கு. காசு கொடுத்து வாங்கின கால்குலேட்டர் சொந்தமா, குத்தகையா? எனக்கு இதுதான் உறுத்துது.

என் 'உப்பளம்' பேசிக் மொழிதான், அதுக்கு ஆபத்தில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம் மக்கள் யாராவது இருந்தா, உங்க ஊர் சீசன் மழைக்கு எத்தனை சதவீதம் வைக்கலாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு எண்தான், மாத்திடலாம்.