சமர்த்துப் பிள்ளை

ஆண்டுமலருக்குப் பழைய மாணவர் என்ற முறையில் ஒரு கட்டுரை விடுக்க வேண்டுமென்று ஆசிரியர் கேட்டபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று நெடுநேரம் ஆலோசித்தோம். உடன் பயின்றோர் கடல் கடந்த யாத்திரைகளையும் உத்தியோக அனுபவங்களையும் எழுதுவர். எங்கள் யாத்திரையோ பாளையங்கோட்டையில் ஒரு சிறு வீட்டின் நான்கு சுவர்களுக்குள்ளே நடப்பது. 'எங்கள்' என்றது எழுத்தாளர் மரபு பற்றியன்று. இக்கல்லூரியிலேயே பயின்று, பின் மணம் புரிந்து, மூன்று மக்களைப் பெற்ற கணவனும் மனைவியுமாகிய இருவரும் கலந்தே இதனை எழுதுகின்றோம்.

மூத்தவள் பத்து வயதுப் பெண். அடுத்தவன் ஏழு வயதினன். கடைக்குட்டிக்கு வயது நான்கு. நடுப்பிள்ளை இரண்டு வயதை எட்டிய பின்னும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். காது கேளாதோ என்று அஞ்சினோம். ஆயினும் அடுத்த அறையில் பிஸ்கோத்து உறை பிரியும் ஓசைக்கு ஓடி வருவான். விளையாட்டு வண்டியை ஓட்டாமல், கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றியபடியே மணிக்கணக்காய் அமர்ந்திருப்பான். குக்கரின் விசில் எழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். தயிர்ச்சோறன்றி வேறொன்றும் உண்ணான். மூன்றாம் வயதில் மருத்துவர் பரிசோதித்து, இஃது ஆட்டிசம் என்றார்.

அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரிலிருந்த லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளின் வரலாற்றைக் கூறி, 1943-ஆம் ஆண்டில் இந்நிலையைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னர்ப் பல ஆண்டுகள், பெற்றோரின் அன்பின்மையே, சிறப்பாகத் தாயின் அன்பின்மையே, இதற்குக் காரணம் என்னும் கொடிய கொள்கை அறிஞரிடையே உலவிற்று. தாமே இத்தகைய மகனைப் பெற்றவராகிய பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் ஒரு நூல் எழுதி அதனை மறுத்தார். 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆராய்ச்சி ஒன்று, பிறவி மரபுக்கே இதில் பெரும்பங்கு உண்டெனக் காட்டிற்று. இவற்றை நாங்கள் தேடிப் படித்தது கல்விப் பெருமைக்காக அன்று. "நீ வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டான்" என்று உறவுமுறை ஆச்சி ஒருவர் சொன்ன சொல் எங்களுள் ஒருவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. அதனைக் களையவே படித்தோம்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென 1995-இல் இயற்றப்பட்ட சட்டம் கூறிய வகைகளுள் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 21 வகைகளுள் அஃதும் ஒன்றாயிற்று. ஆகவே எங்கள் மகனைச் சட்டமும் கண்டுகொண்டது. அவன் தமக்கையைக் காணத்தான் நாங்கள் மறந்திருந்தோம்.

அவன் வாயிலிருந்து 'அம்மா' என்னும் ஒரு சொல்லை வருவிக்க இரண்டாண்டு முயன்றோம். அவனோ புகைவண்டி நிலையத்தில் கேட்ட ஊர்ப்பெயர்களையே தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பான். அப்பழக்கத்தை மறக்கச் செய்ய வேண்டுமென்றே எண்ணினோம். ஒருநாள் மாலை மூத்தவள் அவனருகே தரையில் படுத்துக்கொண்டு, "திருநெல்வேலி, மணியாச்சி, கோவில்பட்டி" என்று சொல்லி நிறுத்தினாள். சிறிது நேரம் மௌனம். பிறகு அவன், "சாத்தூர்" என்றான். அவள், "விருதுநகர்" என்றாள். அவன், "மதுரை" என்று சொல்லி அவள் முகத்தை ஏறிட்டு நோக்கினான். அடுக்களை வாயிலில் நின்றிருந்த எங்களுக்குக் கண்ணீர் பெருகிற்று. எங்களால் இயலாத உரையாடலை அக்குழந்தை ஆறு ஊர்களைக் கொண்டு தொடங்கிவிட்டாள்.

இளையவன் வளர்ந்தபோது மற்றொரு சோதனை வந்தது. அவன் இரண்டு வயதிலேயே முழு வாக்கியம் பேசினான், "அண்ணன் ஏன் பேசமாட்டான்?" என்பதே அவன் எங்களைக் கேட்ட முதற் பெருங்கேள்வி. தம்பி அண்ணனைக் கடந்து செல்லும் நாளில் பெற்றோருக்கு மகிழ்ச்சியும் விசனமும் ஒருங்கே தோன்றும். மகிழவும் கூசும், வருந்தவும் கூசும். அவ்வமயமும் மூத்தவளே முன்வந்து, "அண்ணன் வேறு மாதிரி பேசுவான், நான் உனக்குச் சொல்லித் தருகிறேன்" என்றாள். "எவ்வளவு சமர்த்து!" என்று அவளை மெச்சினோம். வந்தோர் போனோர் எல்லோரும் அவ்வாறே மெச்சினர்.

அச்சமர்த்தின் விலையை நாங்கள் அறிந்தது சென்ற ஆண்டில்தான். அதற்கு முந்திய ஆண்டு அவள் பள்ளி விழாவில் பாட இருந்தாள். குடும்பத்தோடு சென்றோம். பறையொலி எழுந்ததும் நடுப்பிள்ளை அலறித் தரையில் விழுந்தான். அவள் மேடை ஏறுமுன்பே நாங்கள் வெளியேறினோம். அண்டைவீட்டாரோடு திரும்பி வந்தவள், "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிப் பாடம் படிக்க அமர்ந்துவிட்டாள். அத்துடன் முடிந்ததென்று எண்ணினோம். மறு ஆண்டு அவள் புத்தகப் பையைத் துடைக்கும்போது, நான்காய் மடித்த அழைப்பிதழ் ஒன்று கிடைத்தது. விழா நடந்து பத்து நாள் கழிந்திருந்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டோம். "தம்பிக்குச் சத்தம் ஆகாதே" என்றாள். சிறிது பொறுத்து, "நீங்கள் பாதியில் எழுந்து போவதைவிட வராமலே இருப்பது நல்லது" என்றாள்.

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. சமர்த்து என்னும் பட்டத்தைச் சூட்டி, ஒரு சிறு பெண்ணின் வாயை நாங்களே அடைத்திருந்தோம். பேசாத பிள்ளை ஒருவனே என்று எண்ணியிருந்த வீட்டில், பேசத் தெரிந்தும் பேசாத பிள்ளை மற்றொருத்தி இருந்தாள்.

அதுமுதல் சனிக்கிழமை மாலையில் ஒரு மணிநேரம் அவளுக்கே உரியது என்று வகுத்தோம். ஒருவர் வீட்டில் இருப்போம். மற்றவர் அவளோடு செல்வோம். அந்நேரத்தில் தம்பியரைப் பற்றிய பேச்சை அவள் எடுத்தாலன்றி நாங்கள் எடுப்பதில்லை. அவன் அவள் ஓவியத்தைக் கிழித்தால், "பாவம், அவனுக்குத் தெரியாது" என்று சொல்லி அவள் வாயை அடைப்பதில்லை, கோபிக்க இடங்கொடுக்கின்றோம். முதல் முறை கோபித்து அழுதபோது எங்களுக்கு உள்ளூர ஆறுதலே உண்டாயிற்று.

இதனைப் படிக்கும் மாணவருள் சிலர் நாளை உபாத்தியாயராவீர்கள். உங்கள் வகுப்பில் எதனையும் கேளாது ஒதுங்கி அமரும் பிள்ளை ஒன்று இருக்குமானால், அதன் வீட்டில் யார் யார் உளர் என்று அன்புடன் வினவுங்கள். இத்தகைய வீட்டுக்குச் செல்லும் நண்பர்கள், நோக்கத்தக்க பிள்ளையை மட்டும் நோக்காமல், தண்ணீர்ச் செம்பைக் கொணர்ந்து வைத்துவிட்டு உள்ளே மறையும் பிள்ளையையும் அழைத்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இக்கட்டுரையை மூத்தவளுக்குப் படித்துக் காட்டி, அவள் இசைவு பெற்றே அனுப்புகின்றோம். ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னாள்; அடித்துவிட்டோம். இவ்வாண்டு அழைப்பிதழை அவளே கொணர்ந்து எங்கள் கையில் கொடுத்தாள். "ஒருவர் வந்தால் போதும், ஆனால் முடியும்வரை இருக்கவேண்டும்" என்றாள். அவ்வாறே இருந்தோம்.