எட்டிப் பிடிக்கும் கை

தவழும் குழந்தைக்கு வீடே உலகம். உருண்டோடும் பந்தைத் துரத்துகிறது; கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறது; கதவுக்குப் பின்னால் இருப்பதைத் தேடிச் செல்கிறது. தொலைவு, உயரம், எடை ஆகியவற்றை அது இவ்வசைவுகளின் வழியே அறிகிறது. கை கால்களை விரும்பியவாறு இயக்க இயலாத குழந்தைக்கோ, கண்முன் கிடக்கும் பந்தும் எட்டாத் தொலைவில் நின்றுவிடுகிறது. அத்தொலைவைக் குறைக்கும் வழியைத் தேடுவதே இயன்முறை மருத்துவ ஆய்வின் நோக்கம்.

இத்தேடலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். இளமையில் தாக்கிய நோயால் வளைந்த பாதத்தோடு வளர்ந்தவர் அவர். ஜெர்மனியில் செய்துகொண்ட அறுவை மருத்துவத்தால் நலம்பெற்று, அத்துறையையே தம் பணியாக ஏற்றார். தசை விறைத்த குழந்தைகள் பலரை ஆராய்ந்து, பிறப்பின்போது நேரும் இடர்களுக்கும் அந்நிலைக்கும் உள்ள தொடர்பை 1861இல் எடுத்துரைத்தார். அந்நிலையே இன்று மூளை முடக்குவாதம் எனப்படுகிறது. இதில் மூளையின் பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. இயக்கம் குன்றியவர்க்கு அறிவும் குன்றியிருக்கும் எனக் கருதுவது பிழையாகும்.

நெடுங்காலம் மருத்துவரே குழந்தையின் கை கால்களைப் பிடித்து அசைத்துப் பயிற்சியளித்தார். பிறர் அசைக்கும் கையைவிடத் தானே முயலும் கையே மிகுதியாகக் கற்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. ஒரு பக்கம் வலுவிழந்த குழந்தையின் நல்ல கைக்கு உறையிட்டு, வலுவற்ற கையால் விளையாடச் செய்யும் முறை அவ்வாறு பிறந்ததே. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் செய்த ஆய்வுகள் அதற்கு வித்திட்டன. சட்டைப் பொத்தானை மாட்டுதல், கரண்டியால் உண்ணுதல் எனக் குழந்தை விரும்பும் செயலையே இலக்காகக் கொண்ட பயிற்சி நற்பயன் தருவதை, ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் குழுவினர் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது.

முயற்சிக்கு எல்லை உண்டா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பகுத்து நோக்கிய அவ்வாய்வின்படி, குழந்தை அடையக்கூடிய திறனில் 90 விழுக்காடு, பாதிப்பு குறைந்தோர்க்கு ஐந்து வயதளவிலும், மிகுந்தோர்க்கு மூன்று வயதுக்கு முன்னரும் கைகூடிவிடுகிறது. எனவே, தொடக்க ஆண்டுகளைத் தவறவிடலாகாது. சில குழந்தைகளால் நடக்க இயலாது என்னும் உண்மையையும் இது மறைக்கவில்லை.

அவ்வாறாயின் அக்குழந்தைகள் தோற்றவர்களா? இல்லை. பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் ஆகியோர் 2012இல் செயல், குடும்பம், உடல்உறுதி, மகிழ்ச்சி, நட்பு, எதிர்காலம் என்னும் ஆறையும் பயிற்சியின் அளவுகோல்களாக முன்வைத்தனர். சக்கர நாற்காலியில் தானே நகர்ந்து சென்று நண்பனோடு விளையாடும் குழந்தையும் தன் உலகை எட்டிப் பிடித்துவிட்டது. அந்நாற்காலி ஏறிவரச் சாய்தளம் அமைப்பதும், விளையாட்டில் இடம் தருவதும் மருத்துவரின் கடமை மட்டுமன்று. சமுதாயத்தின் கடமையும் ஆகும்.