ஹைதரின் வழித்தடத்தில் – 1: கொரட்டூரிலிருந்து புள்ளலூருக்கு

கொரட்டூர் நிலையத்தில் அரக்கோணம் வண்டியைப் பிடித்து மேற்கே செல்பவருக்கு, பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று வரிசையாக வந்து போகும் ஊர்கள் எல்லாம் உத்தியோகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய்வரும் ஊர்களாகவே தோன்றும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய மார்க்கம் இதுதான் என்று கேள்விப்பட்டவர்கள் உண்டு. ஆனால், அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சேனாபதி, மைசூர் ராஜ்யத்தைத் தன் வசமாக்கிக் கொண்டபின், சென்னைக் கோட்டையில் இருந்தவர்களைக் கலங்க அடித்ததும் இந்தச் சமவெளியில்தான் என்று நினைத்துப் பார்ப்பவர் அபூர்வம். அந்த ஹைதர் அலியின் வழித்தடத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை; அதற்கு முதற்படியாகப் புள்ளலூர்ப் போர்க்களத்தைப் பார்க்கப் புறப்பட்டேன்.

புரட்சியில் கொந்தளித்த பிரான்சில், 1793-இல் தூலோன் துறைமுகத்தை மீட்ட பீரங்கிப்படை அதிகாரியாகப் பெயர் பெற்று, 1799-இல் முப்பது வயதிலேயே நாட்டின் முதல் கான்ஸலாகி, 1804-இல் சக்கரவர்த்தியாக முடிசூடிக் கொண்ட நெப்போலியனின் உயர்வை நம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிவார்கள். அவன் கோர்சிகாத் தீவில் பிறந்தது 1769 ஆகஸ்டு 15. அதே ஆண்டு ஏப்ரலில்தான், பரங்கிமலை வரை திடீரென்று வந்து நின்ற ஹைதரிடம் கிழக்கிந்தியக் கும்பெனியார் சமாதான உடன்படிக்கை எழுதிக் கொண்டார்கள். பழைய அதிகாரம் உளுத்துப் போன காலத்தில், கையில் படையும் நெஞ்சில் துணிவும் உள்ளவன் சிம்மாசனத்தின் பக்கத்தில் வந்து நிற்பது பாரிசில் மட்டும் நடந்த அதிசயம் அன்று. நம் திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் அது அதற்கு முன்பே உருவாகிவிட்டது.

கோலார்ப் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்து, போரில் தந்தையை இழந்து வளர்ந்த ஹைதர், 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய பராக்கிரமத்தால் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டார். பிறகு நஞ்சராஜர் திருச்சிக் கோட்டைக்காக நடத்திய நீண்ட போரில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒழுங்குபடுத்திய காலாட்படை எப்படி அணிவகுக்கிறது, பீரங்கி எப்படிப் பேசுகிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டு கற்றார். 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜுதாராக (படை அதிகாரியாக) நியமிக்கப்பட்டதும், அங்கே பிரெஞ்சுத் தொழில் வல்லவர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தார். கணக்கு வழக்குகளைக் கண்டே ராவ் என்பவரிடம் ஒப்படைத்து, கணக்கின் சாரத்தை மட்டும் தம்முடைய வியக்கத்தக்க ஞாபகசக்தியில் நிறுத்திக் கொண்டார்.

ஆனால் அவரை உயர்த்தியது வாள் மட்டுமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். 1758-இல் சம்பள பாக்கி கிடைக்காத மைசூர்ச் சிப்பாய்கள் நஞ்சராஜரின் வாசலை மறித்து உட்கார்ந்தபோது, திண்டுக்கல்லிலிருந்து வந்து, பணத்துக்கு வழி தேடி, அந்த பாக்கியைத் தீர்த்து வைத்தவர் ஹைதர். அரசருக்கு இல்லாத, அமைச்சருக்கும் இல்லாத ஒரு விசுவாசம் அன்றே படையினரின் மனத்தில் அவருக்குக் கிடைத்துவிட்டது. சிப்பாயின் வயிறு நிரம்புவது யாரால் என்பதில்தான் ராஜ்யத்தின் அதிகாரம் தங்கியிருக்கிறது என்ற பாடத்தை அவர் அதன்பின் மறக்கவே இல்லை.

அதற்குப்பின் நிகழ்ந்தவை மிக வேகமாக நிகழ்ந்தன. மராத்தியரை எதிர்த்து வெற்றி பெற்றார். நஞ்சராஜரை ஓய்வுக்கு அனுப்பினார். 1760-இல், புதுச்சேரியில் முற்றுகைக்கு ஆளாகித் தவித்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு உதவியாகத் தம் படையின் பெரும்பகுதியை அனுப்பிவிட்டிருந்த சமயம் பார்த்து, அவர் வளர்த்த கண்டே ராவே அரண்மனையோடு சேர்ந்து அவருக்கு எதிராகத் திரும்பினார். மனைவி மக்களை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே விட்டுவிட்டு, சில குதிரைவீரர்களோடு இரவோடிரவாகக் காவிரியைக் கடந்து ஓட நேர்ந்த ஹைதர், அடுத்த ஆண்டே, 1761-இல், திரும்பி வந்து மைசூரின் உண்மையான அதிபதியானார். உடையார் வம்சத்து அரசர் சிம்மாசனத்திலேயே இருந்தார், ஆட்சி ஹைதருடையதாயிற்று. கண்டே ராவை இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார் என்பர். உயர்வின் கதையில் இந்தக் கொடுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

திருவள்ளூரைத் தாண்டிக் கடம்பத்தூரில் இறங்கி, பேரம்பாக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறினேன். இருபுறமும் நெல்வயல்கள், பனைகள், ஏரிக்கரைகள். கும்பெனியோடு மீண்டும் போர் மூண்டு, 1780 ஜூலையில் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட சைன்யத்தோடு ஹைதர் கணவாய் வழியாக இறங்கி வந்தபோது, குண்டூரிலிருந்து தெற்கே வந்து கொண்டிருந்த கும்பெனிக் கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் கும்பெனிச் சேனாபதி சர் ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டியிருந்தது. ஆகஸ்டு இறுதியில் கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்த பெய்லி, உடனே கடக்காமல் கரையிலேயே தங்கிவிட்டார். ஆற்றில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம் வரை அங்கேயே நின்றார். இன்று பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பி நம் பட்டணத்துக்குத் தாகம் தீர்க்கும் அந்த ஆறு, அன்று ஒரு படையின் தலையெழுத்தை மாற்றியது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே ஹைதரின் மகன் திப்பு அந்தப் படையை மறித்தார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் தந்தையும் மகனும் சேர்ந்து சூழ்ந்து கொண்டார்கள். மைசூரின் வாணங்கள் சீறின. கும்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படை ஒரே காலைப் பொழுதில் அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார். சில மைல் தொலைவில் இருந்த மன்றோ, 1764-இல் பக்ஸாரில் வென்ற மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

புள்ளலூர் சிறிய கிராமம். ஹைதரின் போரிலிருந்து பதினோரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போனால், மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகச் செப்பேடு கூறும் களமும் இதுவே. வயல்களுக்கு நடுவே, 1781-இல் இங்கே நடந்த மற்றொரு போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் அருகே வெகுநேரம் நின்றேன். இருதரப்பிலும் மடிந்தவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

இங்கே ஒன்றைக் கனத்த மனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சோறும் சம்பளமும் கொடுத்துப் படையைத் தம் பக்கம் சேர்த்த அதே ஹைதர், பகைவனுக்குச் சோறு கிடைக்காமல் செய்வதும் போரே என்று அறிந்திருந்தார். அதனால் 1780-இல் சென்னையைச் சுற்றிய கிராமங்களை எரித்துப் பாழாக்கினார், வேளாண்மை நின்றது, ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடினார்கள், 1781, 82-ஆம் ஆண்டுகளில் கொடிய பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் தோன்றியதே ராயபுரத்து மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியோர் இன்றும் சொல்வது அந்தக் கஞ்சியின் ஞாபகத்தால்தான். அதே 1782 டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே பாளையத்தில் ஹைதர் காலமானார். பஞ்சத்தில் மாண்ட குடியானவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

சென்னையின் மேற்கு வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நெப்போலியன் பாடம் நடத்தும் ஆண்டில் பிள்ளைகளை ஒருநாள் கடம்பத்தூர் வழியாகப் புள்ளலூருக்கு அழைத்துப் போங்கள். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்தத் தூண்களின் அருகே நிறுத்தி, ஹைதரின் உயர்வையும் எரிந்த கிராமங்களையும் ஒருசேரச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குச் செல்வோம்.

(தொடரும்)