உப்பு எங்கே போய்க் கரையும்?

மரக்காணம் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வரப்போகிறது என்ற பேச்சு சில வருடங்களாகவே ஓடுகிறது. கூனிமேடு என்று ஊர்ப் பெயரும் அடிபட்டது. திண்டிவனம் வரைக்கும் தண்ணீர் கிடைக்கும் என்றால் யாருக்குக் கசக்கும்?

சென்னைக்கு இது பழகிய கதை. மீஞ்சூர் ஆலை 2010-லும் நெம்மேலி ஆலை 2013-லும் வந்தன. ஒவ்வொன்றும் தினம் 10 கோடி லிட்டர். நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024-ல் திறக்கப்பட்டது. குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மிச்சமாகும் உப்புநீர் பற்றி மீனவர்களைத் தவிர அதிகம் பேர் பேசுவதில்லை.

கணக்கு எளிது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 100 லிட்டர் எடுத்து 45 லிட்டர் குடிநீர் ஆக்கினால், மீதி 55 லிட்டரில் மொத்த உப்பும் தங்கும். அதாவது, லிட்டருக்குச் சுமார் 64 கிராம்! அது திரும்பக் கடலுக்கே போகும்.

இரும்பையில் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. மகள் சிவில் இன்ஜினீயரிங் மாணவி. அம்மாவுக்கு ஊதுபத்தி உருட்டும் வேலை. ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் பல பெண்களுக்குப் பழகிய வேலைதான்.

"கடல் பெருசு, கரைஞ்சிடும்மா" என்றாள் மகள். குழாயின் முனையில் நிறைய துளைகள் வைப்பார்கள், ஒவ்வொன்றிலிருந்தும் நீர் சீறும், சீறும்போதே சுற்றியிருக்கும் கடல்நீரை உள்ளே இழுத்துக் கலந்துகொள்ளும் என்று விளக்கினாள்.

"அப்ப துளை எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லதா?"

"ஆமா."

"அதெப்படிடி? நாலு பத்திய ஒட்டி ஒட்டிக் கொளுத்தினா பொக தனித்தனியாவா போவுது? ஒண்ணா சேந்து ஒரே தூணா இல்ல மேல ஏறும்!"

மகள் அசந்துவிட்டாள். பாடப்புத்தகத்தில் பல பக்கங்களுக்கு நீளும் விஷயம் இது. மார்ட்டன், டெய்லர், டர்னர் என்ற மூவர் 1956-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படைக் கருத்து இதுதான்: சீறும் ஓட்டம் எவ்வளவு வேகமோ, அதற்கேற்ற வேகத்தில் சுற்றியுள்ள நீரை அது உள்ளே இழுக்கும். தனியாக இருந்தால் நாலா பக்கமும் நல்ல நீர் கிடைக்கும். பக்கத்திலேயே இன்னொரு ஓட்டம் இருந்தால்? இரண்டும் நடுவில் இருக்கும் அதே நீருக்குப் போட்டி போடும். இடையில் அழுத்தம் குறைந்து, ஒன்றையொன்று நோக்கி வளையும். கடைசியில் உப்புநீர் உப்புநீரைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். கலக்கிறது, ஆனால் நீர்க்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை ஆலை அறிவிப்புகள் சொல்வதே இல்லை!

இதில் இன்னொரு சிக்கல். ஊதுபத்திப் புகை லேசானது, மேலே போகும். உப்புநீர் கனம், கீழே போகும். அதனால் துளைகளை மேல்நோக்கிச் சாய்த்து, பெரும்பாலும் 60 டிகிரி அளவில் வைப்பார்கள். நீர் எகிறி, வளைந்து, தரையில் விழுவதற்குள் எவ்வளவு நல்ல நீரை வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுதான் லாபம். துளைகள் நெருங்கினால் அந்த வளைவின் உயரமும் குறையும், கலக்கக் கிடைக்கும் நேரமும் குறையும்.

ஆகவே, எத்தனை துளை என்பதோடு, ஒரு துளைக்கும் அடுத்ததுக்கும் எத்தனை மீட்டர் என்றும் கேட்க வேண்டும். அங்கே ஆழம் எவ்வளவு, கடல் அசையாமல் கிடக்கும் நாளில் நிலைமை என்ன என்பதும் முக்கியம். நீரோட்டம் நன்றாக இருக்கும் நாளில் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

சரியாக நீர்க்காத உப்புநீர் கடலின் மேல்மட்டத்தில் மிதக்காது. படகில் போகிறவர் கண்ணுக்கும் தெரியாது. தரையோடு தரையாகப் பரவும். நண்டும் இறாலும் இருப்பது அங்கேதான்.